பழைய மிதிவண்டியும் பட்டறைப் பாடமும்

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் வீட்டுப் பின்கட்டில் ஒரு பழைய மிதிவண்டி சாய்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோழிக்கூண்டுக்கு முட்டாகவோ துணிக்கொடிக்குத் தூணாகவோ அது இருக்கும். ஜொகூர் மாநிலம் சாஆவில் எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. தாத்தாவின் ராலி சைக்கிள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பழைய இரும்பு வாங்க லோரியில் வந்தவர் அதைத் தூக்கிப் பார்த்து எடைக்கு ஒரு விலை சொன்னார். அடுத்த மாதம் வேறொருவர் வந்தார். வண்டி வேண்டாம், முன்புறச் சின்னத்தையும் பின்சக்கர ஹப்பையும் மட்டும் கழற்றித் தாருங்கள் என்றார். முழு வண்டிக்கு லோரிக்காரர் சொன்னதைவிட அவ்விரண்டுக்கும் கூடுதலாகவே கொடுக்க முன்வந்தார். அப்படி அதில் என்ன இருக்கிறது? அந்தக் கேள்விதான் என்னைப் பட்டறைப் பக்கம் இழுத்துச் சென்றது.

பழைய மிதிவண்டியைப் புதுப்பிப்பது இன்று உலகெங்கும் பரவிவிட்ட பொழுதுபோக்கு. நம் நாட்டில் 'பாசிக்கல் துவா' என்றும், இந்தோனேசியாவில் 'செப்பெடா ஒந்தெல்' என்றும் சொல்கிறார்கள். இந்தோனேசியாவில் டச்சு வண்டிகளுக்கு மதிப்பு. நம்மிடம் ஆங்கிலேய வண்டிகளுக்கு. ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் நம்மவர்களுக்கு ஒரு தனிப் பங்கு உண்டு என்பது என் எண்ணம். மற்றவர்கள் காசு கொடுத்துத் தேடும் வண்டிகளில் பல, பால்மரக் காடுகளில் நம் தாத்தாக்கள் மிதித்தவை.

வண்டியைப் படித்தல்

துருவைச் சுரண்டுவதற்கு முன் வண்டியைப் படிக்க வேண்டும். பெயர் அழிந்து போயிருந்தாலும் பெடல் பொருத்தப்பட்ட பெரிய பல்சக்கரமே அதன் பிறப்பைச் சொல்லிவிடும். நடுவில் நாரைத் தலைகள் வெட்டப்பட்டிருந்தால் அது ராலி. விரித்த கை இருந்தால் ரட்ஜ். ஓடும் மனித உருவங்கள் இருந்தால் ஹம்பர். ஹம்பரை இன்னொரு வழியிலும் அறியலாம்: முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை இருபுறமும் இரட்டைக் குழாய்களாக இருக்கும். ராலி நிறுவனம் ஹம்பர் மிதிவண்டித் தொழிலை 1932இலும், ரட்ஜை 1943இலும் வாங்கிவிட்டது. ஆகவே போருக்குப் பின்வந்த இம்மூன்றும் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் ஒரே நிறுவனத்தில் பிறந்தவை. தோட்டத்தில் மட்டும் அவற்றுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு இருந்ததாம். ஹம்பர் வைத்திருந்தவர் ராலிக்காரரிடம் பேசும் தோரணையே வேறு என்று அப்பா சிரிப்பார்.

அடுத்துப் பின்சக்கரத்தின் நடுக்குடம், அதாவது ஹப். மூன்று வேக கியர் உள்ள வண்டி என்றால் அதில் 'ஸ்டர்மி ஆர்ச்சர்' என்ற பெயரும், 'ஏ.டபிள்யூ.' என்ற வகையும், அருகே சில எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். 1936 முதல் வந்த வகை இது. எங்கள் வண்டியின் ஹப்பில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது 54 என்றும் 6 என்றும் தெரிந்தது. 1954 ஜூன் மாதம் அந்த ஹப் உருவாயிற்று என்பது பொருள். இங்குதான் எனக்கு இரண்டு சிக்கல்கள் வந்தன. வண்டி 1951இல் வாங்கியது என்று அப்பா உறுதியாகச் சொல்வார். மேலும், மூன்று வேக வண்டி விலை கூடியது. பால்மரம் வெட்டிய தாத்தாவுக்கு அது எப்படிக் கிடைத்தது?

காடும் சடக்கும்

விடியும் முன்னரே வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் மரத்தினுள் அழுத்தம் குறைந்து பால் நின்றுவிடும். ஆகவே இருட்டிலேயே பெரட்டுக்குப் போய், அங்கிருந்து வெளிக்காட்டுக்குப் போய், பகலில் பால் வாளிகளோடு திரும்ப வேண்டும். இந்த ஓட்டத்துக்குத் துணை மிதிவண்டிதான். எங்கள் வண்டியின் கேரியரிலும் பின் மட்காட்டிலும் காய்ந்த பால் கருத்து, தோல் போலப் படிந்திருந்தது. கைப்பிடியின் கீழே உள்ளாட்சி மன்றம் கொடுத்த உரிமத் தகடும் இருந்தது. அந்நாளில் மிதிவண்டிக்கும் கட்டணம் கட்டித் தகடு வாங்க வேண்டும் என்பதை இன்றைய மாணவர்கள் நம்பமாட்டார்கள்.

சாஆ வழியாகச் செல்லும் லாபிஸ்–யோங் பெங் சடக்குக்கு இன்னொரு மிதிவண்டிக் கதையும் உண்டு. 1942 ஜனவரி 14ஆம் நாள், கிம்மாசுக்கு அருகிலுள்ள கெமெஞ்சே பாலத்தில் மிதிவண்டியில் வந்த ஜப்பானியப் படையினரை ஆஸ்திரேலியர்கள் பதுங்கியிருந்து தாக்கினார்கள். ஆயினும் ஜப்பானியர் முன்னேறினர். நேசப்படையினர் சிகாமட், லாபிஸ், யோங் பெங் வழியாகத் தெற்கே பின்வாங்கினர். ஜப்பானியப் படை கவச வண்டிகளால் மட்டும் மலாயாவைப் பிடிக்கவில்லை. உடைந்த பாலங்களில் வண்டியைத் தோளில் தூக்கிக் கடந்தார்கள். போருக்கு முன்பே ஜப்பான் இங்கே மலிவான மிதிவண்டிகளை விற்றிருந்ததால் உதிரிப் பாகங்களும் ஊர்களில் கிடைத்தன. டயர் கிழிந்தால் வெறும் இரும்பு ரிம்மிலேயே ஓட்டினார்கள். அந்தச் சத்தத்தை இரவில் கேட்டவர்கள் டாங்கிகள் வருவதாக அஞ்சினார்களாம்.

பிறகு மிதிவண்டி ஏன் மறைந்தது? ஹோண்டா கப் வந்தது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் மரம் மாறியது. பால் வாளியை மிதிவண்டியில் கட்டலாம். செம்பனைக் குலையைக் கட்ட முடியுமா? ஒரு குலை பத்து, இருபது கிலோ இருக்கும். கித்தாக் காடுகள் செம்பனையாக மாற மாற, மிதிவண்டிக்கு வேலை போயிற்று. நம்மவர்களில் பலருக்கும் அதே காலத்தில் வேலை போயிற்று.

பட்டறையில்

முதலில் கழற்றுதல். எல்லா மூட்டுகளிலும் ஊடுருவும் எண்ணெய் தெளித்து இரண்டு நாள் விடுங்கள். அவசரப்படுபவர்கள் கெடுப்பது பெடல் கையைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னைத்தான். சுத்தியலால் அடித்தால் பின் வளையும். அடி உள்ளே உள்ள பேரிங் வரை போகும். பெடல் கைக்குக் கீழே ஓர் இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுத்து அடித்தால் அடி தரைக்குப் போய்விடும். திரும்பப் பூட்டும்போது இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் பெடல்கள் ஒரே நேர்கோட்டில் நிற்கா.

இடது பெடலும், நடு அச்சின் வலது கிண்ணமும் இடமரை கொண்டவை. வழக்கமான திசையில் திருப்பினால் இன்னும் இறுகும். இது தெரியாமல் நான் அரை நாள் போராடினேன். சிறு பட்டணத்துச் சைக்கிள் கடைத் தவுக்கே ஒருவர், ஒரு வார்த்தையும் பேசாமல் ஸ்பேனரை வாங்கி மறுபுறம் திருப்பிக் காட்டினார்.

மரையில் இன்னொரு பொறி உண்டு. மற்ற ஆங்கிலேய வண்டிகளின் நடு அச்சில் ஓர் அங்குலத்துக்கு 24 மரைகள். ராலி மட்டும் பிடிவாதமாக 26 மரைகள் வைத்தது. இந்தியாவிலிருந்து வரும் புதுக் கிண்ணம் பார்க்க அதே அளவுதான். முதல் சுற்று நன்றாகவே ஏறும். பிறகு இறுகும். அங்கே பலத்தைக் காட்டினால் சட்டத்தின் மரை அழிந்துபோகும். ஆகவே பழைய கிண்ணங்களை வீசாதீர்கள். உள்ளே உள்ள கால் அங்குலக் குண்டுகளை மட்டும் மாற்றுங்கள். பக்கத்துக்கு 11 வீதம் 22. டயரில் இந்தக் கவலை இல்லை. 28க்கு ஒன்றரை அங்குல டயரை இந்தியாவில் இன்றும் செய்கிறார்கள்.

துருவுக்கு வருவோம். குரோம் பூச்சின் மேலுள்ள துருவை, கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும். பித்தளைச் சின்னத்துக்குப் பாட்டி கொடுத்த புளி போதுமானதாக இருந்தது. ஆனால் பளபளப்பு ஆசையில் மேலும் மேலும் தேய்த்தால் நாரையின் இறகுக் கோடுகள் மழுங்கிவிடும்.

பெயிண்ட் விஷயத்தில் வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. சித்தப்பாவுக்குக் கார்ப் பட்டறையில் பெயிண்ட் அடித்த அனுபவம் உண்டு. "எல்லாத்தையும் சுரண்டிட்டுக் கறுப்பு அடிச்சித் தரேன்டா, கடையில வாங்கினது மாதிரி இருக்கும்," என்றார். மறுத்தேன். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் மூச்சில் போகும் என்றேன். அது உண்மைதான், ஆனால் உண்மையான காரணம் அதுவன்று. மேல் குழாயின் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரிந்தது. அப்பாவும் சித்தப்பாவும் பள்ளிக்குப் போகும்போது துண்டைச் சுற்றி உட்கார்ந்த இடம் அது. நான் அதைக் காட்டியதும் சித்தப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, எண்ணெய் மட்டும் போடு," என்றார். மெல்லிய எண்ணெய் தடவித் துடைத்து, மேலே மெழுகு பூசினோம். புதிய வண்டி போல ஆக்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருமுறை சுரண்டிவிட்டால் அந்த இடத்தைத் திரும்ப உண்டாக்க முடியாது; பெயிண்டை எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம்.

ஹப்புக்குள் கிரீஸ் வைக்கக் கூடாது. அதன் சிறு மூடியைத் திறந்து மெல்லிய எண்ணெய் சில துளிகள் விட வேண்டும். முதல் கியரில் சக்கரம் முக்கால் பங்கு வேகத்தில் சுழலும். இரண்டாவதில் நேர் வேகம். மூன்றாவதில் மூன்றில் ஒரு பங்கு கூடும். கம்பி சரியாக இழுபடாவிட்டால் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே ஒரு வெற்றிடம் வரும். அங்கே பெடல் பிடிப்பில்லாமல் சுழலும். நின்றுகொண்டு மேடு ஏறும்போது எனக்கு அது நேர்ந்தது. முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. வலப்பக்க மரையாணியின் துளை வழியே பார்த்து, இரண்டாவது கியரில் உள்தண்டின் தோள் அச்சின் முனையோடு சமமாக நிற்கும்படி அமைத்தால் இத்தொல்லை இல்லை.

கடைசியாகச் செய்ததும், முதலில் செய்திருக்க வேண்டியதும் பிரேக். இந்த வண்டிகளில் இரும்புத் தண்டுகள் கட்டையை ரிம்மின் உட்புறம் நோக்கி மேலே இழுக்கும். மழையில் குரோம் ரிம்மை அது சரியாகப் பிடிக்காது. புதுக் கட்டை போட்டும், நனைந்த சாலையில் நான் நினைத்த இடத்தைத் தாண்டித்தான் நின்றது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மிதிவண்டியை மாற்றியமைக்கும் இன்னொரு பட்டறைக் கலையும் நம் மாநிலத்தில் இருக்கிறது. கைப்பிடியைத் தாழ்த்தி, பிரேக்கைக் கழற்றி, படுத்தபடி ஓட்டும் 'பாசிக்கல் லாஜாக்'. 2017 பிப்ரவரி 18ஆம் நாள் விடியற்காலையில் ஜொகூர் பாருவில் அத்தகைய மிதிவண்டிகளில் சென்ற கூட்டத்தின்மீது கார் மோதி, எட்டுப் பதின்ம வயதினர் இறந்தனர். யார் பொறுப்பு என்பதை நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்தன. அது இக்கட்டுரையின் பொருளன்று. அந்தப் பையன்களில் பலருக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்திருக்கும். என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கலாம். பிரேக்கை எடுத்தால் வண்டி இலகுவாகும் என்று காட்டிக் கொடுக்க ஆள் இருந்திருக்கிறார். அதை எப்படிச் சீர்செய்வது என்று கற்றுக் கொடுக்க யாரும் இல்லாமல் போயிருக்கலாம்.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் 1951க்கும் 1954க்கும் இடையிலான கணக்கு எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அப்பாவுக்கு ஞாபகம் பிசகிவிட்டது என்றே முடிவு செய்திருந்தேன். தொண்ணூறைத் தாண்டிய பாட்டி, வாசலில் நிறுத்தியிருந்த வண்டியின் பின்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அந்தச் சைக்கிள் வாங்கறப்ப இந்தச் சக்கரம் இல்லய்யா. கியரும் கெடையாது. கிராணியார் ஊருக்குக் கப்பலேறப் போனாரு. அவரு வண்டி ஒடஞ்சி கெடந்துச்சி. சக்கரம் நல்லாருக்கு, நீ வச்சுக்கன்னு ஒங்க தாத்தாகிட்ட குடுத்துட்டுப் போனாரு."

ஹப்பில் உள்ள ஆண்டு ஹப்பின் ஆண்டு மட்டுமே. சட்டத்தின் வயதை அறிய விரும்புவோர், இருக்கைக்குக் கீழே குழாய்கள் கூடும் இடத்தில் பொறித்த எண்ணைத் தேட வேண்டும். எங்கள் வண்டியில் அந்த இடத்தின்மேல் பழைய ஒட்டுப்பால் படிந்திருக்கிறது. அதை நான் இன்னும் உரிக்கவில்லை.