நகராத சைக்கிளில் நாடு சுற்றலாம்!

வீட்டுக் கூடத்தை விட்டு நகராமலே 20 மைல் சைக்கிள் விடுவதா? “இதென்ன கூத்து!” என்று மூக்கின்மேல் விரலை வைக்காதீர்கள். 2020-ஆம் வருஷம் டிசம்பரில் இதற்கு உலகச் சாம்பியன் போட்டியே நடந்திருக்கிறது. போட்டிக்காரர்கள் ஒரே ஊரில் கூடவில்லை. அவரவர் இருந்த இடத்திலேயே மிதித்தார்கள். பெண்களில் முதலாவதாக வந்தவர் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன்-பாசியோ.

சங்கதி இதுதான். சைக்கிளின் பின்பக்கத்தை ‘டிரெய்னர்’ என்ற தாங்கியில் பொருத்திவிடுகிறோம். மிதித்தால் சைக்கிள் நகராது. ஆனால் எவ்வளவு பலத்தோடு மிதிக்கிறோம் என்பதைத் தாங்கி அளந்து, கம்பியில்லாமலே கைப்பேசிக்கோ கம்ப்யூட்டருக்கோ சொல்லிவிடும். திரையிலே நமக்குப் பதில் ஒரு பொம்மை உருவம் சாலையில் போகும். அங்கே மேடு வந்தால் தாங்கியில் உள்ள காந்தம் இறுக்கிப் பிடிக்கும். மேடு திரையில்தான், வலி நம் தொடையில்!

யாருக்கு உபயோகம்?

மந்தாரக்குப்பத்தில் குடியிருக்கும் ஒரு சகோதரியை மனத்தில் நினைத்துக் கொள்ளுங்கள். பள்ளி நாளில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் பறந்தவள். கலியாணம் ஆயிற்று, குழந்தைகள் பிறந்தன, சைக்கிள் மூலைக்குப் போயிற்று. இப்போது டாக்டர், “தினம் அரை மணியாவது உடம்பு அசையட்டும், அம்மா” என்கிறார். வெளியே போகலாமென்றால் சாலையில் லாரிகள். வைகாசி வெயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அப்படியே துணிந்து போனாலும் தூங்கும் குழந்தையை யார் பார்ப்பது?

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் வீதியில் சைக்கிள் விட்டார்கள். அந்தச் சுதந்திரத்துக்கு வீட்டுச் சவாரி ஈடாகாதுதான். ஆனால் வெளியே போக முடியாத நாளிலும் அரை மணி நேரம் ‘இது என்னுடையது’ என்று சொல்லிக்கொள்ள வழி கிடைக்கிறதே, அது லேசான காரியமா?

முதலில் வீட்டைப் பாருங்கள்

கடைக்குப் போகுமுன் வீட்டைச் சுற்றி ஒரு நோட்டம் விடுங்கள். சைக்கிள் நின்று, இரண்டு பக்கமும் ஆள் இறங்க இடம் வேண்டும். அருகில் மின்சாரப் பிளக் வேண்டும். வீட்டுக்காரருக்கு இராத்திரி ஷிப்டு என்றால் பகலில் அவர் தூங்கவேண்டுமே! ஆகையால் சத்தமும் கணக்கில் சேர்த்தி. தாங்கியின் அடியில் கனமான ரப்பர் விரிப்புப் போட்டால் அதிர்ச்சி குறையும். வியர்வையும் தரையில் சொட்டாது.

பிறகு சைக்கிளைப் பாருங்கள்

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். நம் வீட்டுப் பழைய சைக்கிளில் ஸ்டாண்டும் காரியரும் பின் அச்சிலேயே முடுக்கப்பட்டிருக்கும். தாங்கி பிடிக்கவேண்டிய இடமும் அதுதான்! அவற்றைக் கழற்றினாலும், அச்சு நட்டும் சக்கரத்தின் அளவும் தாங்கிக்குப் பொருந்துமா என்று விசாரிக்க வேண்டும். சக்கரத்தின் அளவு டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும், குறித்துக்கொண்டு போங்கள். கியர் வைத்த சைக்கிளாக இருந்தால் வேலை சுலபம். பொத்தல் பொத்தலாகப் பல் வைத்த டயர் மட்டும் கூடாது. காது கிழியச் சத்தம் போடும். வழவழப்பான டயர் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தாங்கியில் எத்தனை வகை?

ஒன்று, டயரை ஓர் உருளையின்மேல் அழுத்தி வைப்பது. விலை குறைவு; ஆனால் டயர் தேயும், ரீங்காரம் உண்டு. இதிலேயே அளக்கும் கருவி இல்லாத சாதாரண ரகமும் கிடைக்கிறது. பின் சக்கரத்தில் ஒரு சிறிய வேகமானியை மாட்டிவிட்டால் பலத்தை உத்தேசமாகக் கணக்கிட்டுக் கொள்ளலாம். பழகிப் பார்க்க இது போதும்.

இரண்டு, பின் சக்கரத்தையே கழற்றிவிட்டுச் சங்கிலியை நேராகத் தாங்கியில் மாட்டுவது. சத்தம் குறைவு, அளவு துல்லியம், டயர்த் தேய்மானம் கிடையாது. விலை மட்டும் பல மடங்கு. இராத்திரி ஷிப்டு வீட்டுக்கு இதுவே நல்லது.

மூன்று, தனியான உடற்பயிற்சி சைக்கிள். வீட்டில் சைக்கிளே இல்லாதவர்களுக்குச் சௌகரியம். ஆனால் அது புளூடூத் மூலம் பலத்தைத் திரைக்கு அனுப்புமா என்று கேட்டு, கடையிலேயே இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். “அனுப்பும் அம்மா, அனுப்பும்” என்ற வாய் வார்த்தை போதாது.

இனித் திரை. ‘ஸ்விஃப்ட்’ என்ற செயலிக்கு மாதச் சந்தா உண்டு. (காரை நினைத்துக் கொள்ளாதீர்கள்!) ‘மைவூஷ்’ என்பது இலவசம். கையில் இருக்கிற கைப்பேசியில் தொடங்கலாம். இதற்கென்று பெரிய டெலிவிஷன் வாங்க வேண்டியதில்லை.

மின்விசிறியை மறக்காதீர்கள்

வெளியே சைக்கிள் விட்டால் எதிர்காற்று வியர்வையை உலர்த்தும். வீட்டுக்குள் அந்தக் காற்று ஏது? மிதிக்கும் பலமெல்லாம் அறைக்குள் உஷ்ணமாகவே மாறுகிறது. மின்விசிறி இல்லாமல் பத்து நிமிஷம் தாங்காது.

ஒரு வேடிக்கைக் கணக்கு: பழகிய ஒருவர் நிதானமாக மிதித்தால் சுமார் 100 வாட் பலம் வரும். பழைய மாதிரி கூரை விசிறி ஒன்றுக்கே சுமார் 75 வாட் வேண்டும்! அதாவது நம் கால்கள் ஒரு விசிறியைச் சுற்றத்தான் காணும். 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கி 2020-ல் ஓய்வு பெற்ற நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையத்தின் திறன் 600 மெகாவாட். அதற்கு ஈடாக 60 லட்சம் பேர் ஒரே சமயத்தில் மிதிக்கவேண்டும். நிலக்கரியின் அருமை இப்போது தெரிகிறதல்லவா?

சில எச்சரிக்கைகள்

ஆசனம் சரியான உயரத்தில் இருக்கட்டும். மிதி கீழே போகும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் சங்கிலிக்குப் பகை. சுழலும் சக்கரத்தில் குழந்தைகள் விரலை விடாமல் கவனம் தேவை. இதய நோயோ மூட்டு வலியோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டபிறகே ஏறவேண்டும். வியர்வையின் உப்பு இரும்பைத் தின்றுவிடும். இறங்கியதும் துடைத்து விடுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. முதலில் நேரத்தைக் குறியுங்கள். பிறகு இடம், பிறகு சைக்கிள், அதற்குப் பிறகுதான் தாங்கி. வரிசையைத் தலைகீழாக்கினால் விலை உயர்ந்த கொடிக்கம்பம் ஒன்றுதான் மிச்சம்; ஈரத் துணி உலர்த்தலாம்! மலிவான தாங்கியில் மூன்று மாதம் விடாமல் மிதித்த பெண், அடுத்ததை வாங்க யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியிராது. வீட்டாரே, “நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளேன்” என்பார்கள்.