காற்று இறங்காத பிரைமஸ்

பிரைமஸ் என்பது திரி இல்லாத மண்ணெண்ணெய் ஸ்டவ். 1892-இல் ஸ்டாக்ஹோமில் பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் இதை உருவாக்கினார். உலோகப் பட்டறைகளில் அப்போது புழங்கிய ஊதுவிளக்கின் தத்துவமே இதற்கு அடிப்படை. திரி ஸ்டவ்வைப் போலப் பாத்திரத்தில் கரி பிடிக்காது, காற்றிலும் குளிரிலும் எளிதில் அணையாது என்பதால் பயணக்காரர்கள் இதை விரும்பி எடுத்துச் சென்றார்கள். 1893-இல் பிராம் கப்பலில் வட துருவம் நோக்கிச் சென்ற நான்சென்னிடம் பிரைமஸ் இருந்தது. 1911-இல் தென் துருவத்தை அடைந்த அமுண்ட்சென் குழுவிடமும் இருந்தது. 1953 மே 29 காலை, எவரெஸ்டின் கடைசி முகாமில் உறைந்து கல்லாகிவிட்ட தன் பூட்ஸை எட்மண்ட் ஹிலாரி பிரைமஸ் சுடரில் காட்டித்தான் இளக்கினார். தமிழ்நாட்டு அடுக்களைகளில் எரிவாயு வரும்வரை இரைந்துகொண்டிருந்த பம்ப் ஸ்டவ்வும் இந்த வம்சம்தான். முகாமுக்கென்று செய்யப்பட்டவை உருவில் சிறியவை. கால்களையும் பர்னரையும் கழற்றித் தகரப் பெட்டிக்குள் அடக்கிவிடலாம்.

பித்தளை டேங்க்கில் மண்ணெண்ணெய்யை முழுக்க நிரப்பாமல், மேலே காற்றுக்கு இடம் விடுவார்கள். பம்ப் அடித்தால் அந்தக் காற்று இறுகி, எண்ணெய்யைக் குழாய் வழியே பர்னருக்கு ஏற்றும். சூடேறியிருக்கும் பர்னருக்குள் எண்ணெய் ஆவியாகி, ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் துளையுள்ள நிப்பிள் வழியாகப் பீறிடும். போகிற வேகத்தில் சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக் கலந்துகொண்டு நீலமாக எரியும். எரியத் தொடங்கிய பிறகு அந்தச் சுடரே பர்னரைச் சூடாக வைத்திருக்கும். ஆகவே பழைய ஸ்டவ்வைச் சீராக்குவது என்பது முதலில் காற்று கசியாமல் செய்வது, அடுத்து ஆவி போகும் வழியைத் திறப்பது. பளபளப்பு அதற்குப் பிறகுதான். கையில் கிடைத்ததும் பலர் செய்வது இதற்கு நேர்மாறு.

முதலிலேயே பாலிஷ் போடும் அந்த அவசரம் சில சமயம் ஸ்டவ்வையே கெடுத்துவிடும். ஏன் என்பதற்குத் தோட்டாக்களின் கதை ஒன்று உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை முடிந்து எடுத்துப் பார்த்தபோது பித்தளை உறைகள் பல விரிசல் விட்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம் என்பது 1921-இல்தான் விளக்கமாகத் தெரிந்தது. அழுத்தியும் இழுத்தும் வடிவம் கொடுத்த பித்தளைக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தால் அந்த இடத்தில் மயிரிழை விரிசல் கிளம்பும். ஸ்டவ் டேங்க்கும் அப்படி அழுத்தி எடுத்த பித்தளைதான். பித்தளை பாலிஷ்கள் பலவற்றில் அம்மோனியா உண்டு. மடிப்புகளிலும் திருகுகளின் அடியிலும் அந்த பாலிஷ் தங்கிவிட்டால் ஆபத்து. வீட்டுக் குத்துவிளக்குக்குப் போடும் புளியே இங்கு மேல். வெந்நீரில் கரைத்த சிட்ரிக் அமிலமும் அதே வேலையைச் செய்யும். அமிலத்தில் நெடுநேரம் ஊறவிட்டாலோ, இரும்புப் பாகங்களைக் கூடவே போட்டாலோ பித்தளைமேல் செம்பு படிந்து இளஞ்சிவப்பாகிவிடும். ஓங்கித் தேய்த்தால் பொறித்த எழுத்துகளும் மங்கும். 1911-ஐ ஏ என்று தொடங்கி, ஆண்டுக்கு ஓர் எழுத்துக் குறியாக பிரைமஸ் டேங்க்குகளில் முத்திரை இருக்கும். ஸ்டவ்வின் வயதைச் சொல்வது அந்தக் குறிதான்.

வேலை தொடங்குமுன், டேங்க்கின் காற்றை வெளியே விடுவதற்கான காற்றுத் திருகைத் தளர்த்தி, உள்ளே மிச்சமுள்ள எண்ணெய்யை வடித்துவிட வேண்டும். பல ஆண்டு கிடந்த மண்ணெண்ணெய் பிசின்போல ஒட்டியிருக்கும்; சோப்பு கலந்த வெந்நீரை ஊற்றிக் குலுக்கிக் குலுக்கிக் கொட்டி, வெயிலில் ஈரம் போகக் காயவைக்க வேண்டும்.

அடுத்தது பம்ப். தண்டின் நுனியில் கிண்ண வடிவத் தோல் வாஷர் இருக்கும். அது காய்ந்து சுருங்கியிருந்தால் தண்டு கை கனக்காமல் சர்ரென்று இறங்கும், காற்று ஏறாது. எண்ணெய்யில் ஊறவைத்து, ஓரத்தை விரலால் விரித்துவிட்டால் பழைய தோலே பெரும்பாலும் உயிர்பெறும். கிழிந்திருந்தால் புதிது போட வேண்டும். கிண்ணத்தின் வாய் டேங்க் பக்கம் பார்த்திருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் எவ்வளவு அடித்தாலும் பயனில்லை.

பம்ப் குழாயின் அடியில் சிறிய வால்வு ஒன்று ஒளிந்திருக்கிறது. உள்ளே போன காற்று திரும்பி வராமல் தடுப்பது அதுதான். அதற்குள் ஒரு ஸ்பிரிங்கும், கார்க் அல்லது ரப்பர் துண்டும் இருக்கும். துண்டு கெட்டுவிட்டால் பம்ப் தண்டு தானாகவே மேலே எழும், பம்ப் குழாய்க்குள் எண்ணெய் ஊறும். எரியும் ஸ்டவ்வில் இது நடந்தால் தீ விபத்துதான். வால்வைக் கழற்ற நீளமான தனிச் சாவி வேண்டும். இறுகிப்போனதைக் குறடு கொண்டு முறுக்கினால் தலை வழுக்கிக் கெட்டுவிடும், குழாயே திருகிக்கொள்வதும் உண்டு. அந்தச் சாவி இல்லாதவர் இந்த இடத்தில் கைவைக்காமல் இருப்பது நல்லது. புதிதாகப் போடும் துண்டு மண்ணெண்ணெய்யில் ஊதிப்போகாத நைட்ரைல் ரப்பராக இருக்கட்டும். மூடியின் வாஷரையும், பர்னருக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள ஈய வாஷரையும் அப்போதே மாற்றிவிடலாம்.

கசிவு பார்க்கும் முறை சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பது போலத்தான்: காற்றடித்து, தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூடியில் வந்தால் வாஷர் வேலை. டேங்க்கின் உடம்பிலேயே வந்தால் ஈயப்பற்று வைக்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். எண்ணெய் ஆவி மிச்சமிருக்கும் டேங்க்கில் நெருப்பைக் காட்டினால் வெடிக்கும். நீண்ட விரிசல் என்றால் அது இனி அலமாரிக்குத்தான்.

பர்னரின் உட்குழாய்களில் கரி அடைத்திருக்கும். சைக்கிள் பிரேக் கம்பியின் இழை ஒன்றை உள்ளே விட்டுச் சுரண்டினால் அது பெயர்ந்து வரும். நிப்பிளின் துளையைக் குத்த மெல்லிய ஸ்டவ் பின் போதும், கோணாமல் நேராகக் குத்த வேண்டும். ஆண்டுக்கணக்கில் குத்திக் குத்தித் துளை அகன்ற நிப்பிள் ஆவியை அதிகமாக விடும். அதற்கு ஈடாகக் காற்று கலக்காது, சுடர் மஞ்சளாகிக் கரி கக்கும். அதைச் சரிசெய்ய வழியில்லை, புது நிப்பிள்தான் போட வேண்டும்.

முதல் பரிசோதனை திறந்த வெளியில், மணலோ ஈரச் சாக்கோ பக்கத்தில் இருக்க நடக்கட்டும். டேங்க்கில் முக்கால் அளவுக்கு மேல் மண்ணெண்ணெய் வேண்டாம். பெட்ரோல் கூடவே கூடாது. காற்றுத் திருகைத் திறந்து வைத்து, பர்னருக்குக் கீழேயுள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைக்க வேண்டும். ஸ்பிரிட் எரிந்து தீரும் தறுவாயில் திருகை மூடி, இரண்டு மூன்று முறை மெதுவாகப் பம்ப் அடித்தால் நீலச் சுடர் இரைச்சலோடு பிடிக்கும். மஞ்சளாகக் குபீரென்று எழுந்தால் பர்னர் இன்னும் சூடாகவில்லை என்று பொருள். உடனே திருகைத் திறந்துவிட்டு, ஆறிய பிறகு ஸ்பிரிட் ஊற்றி மறுபடி தொடங்க வேண்டும். சூடு போதாதபோது மேலும் மேலும் பம்ப் அடிப்பதால்தான் பழைய நாள்களில் பல ஸ்டவ் விபத்துகள் நேர்ந்தன.

இந்த வகை ஸ்டவ்வுக்கு அணைக்கும் குமிழ் கிடையாது. திருகைத் திறந்து காற்றை வெளியேற்றினால் சுடர் தணிந்து அணைந்துவிடும். நெடுநாள் எடுத்து வைப்பதானால் எண்ணெய்யை வடித்துவிட்டு, வாஷர் நசுங்காதபடி மூடியைச் சற்றுத் தளர்த்தி வைக்க வேண்டும்.