இயந்திரம் வாங்கும் முன் ஒரு கணக்கு

தொழிற்சாலையைத் தானியங்கி முறைக்கு மாற்ற நினைத்தால், நாம் முதலில் இயந்திரங்களின் விலையைத்தான் விசாரிக்கிறோம். அதற்கும் முன்பு போட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு.

1913இல் அமெரிக்காவின் ஹைலண்ட் பார்க் ஆலையில் ஃபோர்டு நிறுவனம் நகரும் உற்பத்தி வரிசையை அமைத்தது. 12 மணி நேரத்துக்கும் மேல் பிடித்த காரின் அடிச்சட்டப் பூட்டு வேலை, சுமார் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. எந்த வேலையை எந்த நிலையத்தில் வைப்பது என்ற இந்தக் கேள்வியை 1955இல் சால்வெசன் என்பவர் கணித வடிவில் எழுதினார்.

8 மணி நேரத்தில் 480 பொருட்கள் தேவை என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒன்று வெளிவர வேண்டும். ஒரு பொருளுக்கு 6 வேலைகள், தலா 45 விநாடி. மொத்தம் 270 விநாடி என்பதால் 5 நிலையங்கள் போதும் எனத் தோன்றும். ஆனால் இரண்டு வேலைகளைச் சேர்த்தால் 90 விநாடி ஆகிவிடும். ஆகவே 6 நிலையங்கள் வேண்டும். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 15 விநாடி சும்மா நிற்கும். ஒரு வேலையை மட்டும் 15 விநாடி கொண்ட மூன்று பகுதிகளாகப் பிரித்து, மற்ற நிலையங்களில் சேர்க்க முடிந்தால் 5 போதும். ஒரு நிலையத்தின் விலையும் பராமரிப்பும் மிச்சம்.

வேலைகள் பெருகினால் மனக்கணக்கு உதவாது. 10 வேலைகளையே 36,28,800 விதமாக வரிசைப்படுத்தலாம். துளையிட்ட பிறகே திருகு பூட்ட முடியும் என்பது போன்ற நிபந்தனைகளையும், இயந்திரங்களின் வேகத்தையும் விலையையும் சமன்பாடுகளாகக் கொடுத்தால், செலவு குறைந்த அமைப்பைக் கணினி தேடித் தரும்.

நாம் கொடுக்கும் அளவுகள் தவறானால் விடையும் தவறும். எனவே கடன் வாங்கும் முன், ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளப்போம். தவறான கணக்கைத் திருத்திப் போடலாம். வாங்கிவிட்ட இயந்திரத்தை அப்படித் திருப்ப முடியாது.