போனில் 'டிக்' விழுந்தாச்சு, ஸ்பீக்கர் பேசல... அப்போ பணம் எங்கே?

நந்தனம் மெட்ரோவில் இறங்கி, அண்ணா சாலைக்கு ஏறி வந்து ஒரு டீ குடிக்கிறீர்கள். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து 15 ரூபாய் அனுப்பியாச்சு. போனில் பச்சை டிக். ஆனால் கடைக்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் காது கல்லாப்பெட்டி பக்கத்தில் இருக்கும் குட்டி ஸ்பீக்கர் மேல்தான்.

இந்த டிக், 'டிங்' சத்தம், போனின் லேசான அதிர்வு... இவற்றை டிசைன் உலகில் 'மைக்ரோ இன்டராக்‌ஷன்' என்கிறார்கள். டான் சாஃபர் என்ற டிசைனர் 2013-ல் இதைப் பற்றி தனிப் புத்தகமே எழுதினார். விஷயம் சிம்பிள்தான். நாம் ஒன்று செய்தால், 'பதிவாயிடுச்சு' என்று மெஷின் உடனே சொல்லணும். சற்று முன் மெட்ரோ கேட்டில் கார்டை வைத்ததும் கேட்ட 'பீப்' அதே ரகம். பதில் கொஞ்சம் லேட்டானாலும் கை தானாக இன்னொரு தடவை அழுத்தப் போகும்.

ஸ்பீக்கர் எதுக்கு?

2016-ல் யுபிஐ வந்த புதிதில், பளிச்சென்ற டிக் எல்லாம் பணம் அனுப்பியவருக்குத்தான். கடைக்காரருக்கு வெறும் எஸ்எம்எஸ். ஒரு கையில் பால், மறு கையில் டிக்காஷன் வைத்திருப்பவர் எஸ்எம்எஸ் எங்கே பார்ப்பது? கஸ்டமர் காட்டும் டிக்கை நம்பினார். மோசடி அங்கேதான் நுழைந்தது. அசல் போலவே டிக் காட்டும் போலி ஆப்கள், பழைய ஸ்க்ரீன்ஷாட்டுகள் என்று வரிசையாக வந்தன.

ஸ்பீக்கருக்கும் உங்கள் போனுக்கும் தொடர்பே இல்லை. பெரும்பாலும் அதற்குள்ளேயே சிம் இருக்கும். பேமென்ட் நிறுவனத்தின் சர்வர் சொன்னால்தான் வாய் திறக்கும். அதுவும் தமிழில், தொகையோடு.

சிக்கல் என்னவென்றால், சிக்னல் வீக்கானால் பணம் வந்திருந்தாலும் அது பேசாது. பின்னால் நாலு பேர் நிற்க, நிஜமாகவே காசு கொடுத்தவர் திருடன் மாதிரி முழிக்க வேண்டியதுதான்!

என்ன செய்யலாம்?

உடனே மறுபடி அனுப்பாதீர்கள். கடைக்காரரின் ஆப்பில் பணம் வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 'பெண்டிங்' என்று இருந்தால் காத்திருங்கள். உங்கள் கணக்கில் பணம் போய், கடைக்கு உறுதியாகாவிட்டால், ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி 5 நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. யுடிஆர் எண்ணைக் குறித்து வைப்பது நல்லது.

போலி டிக் காட்டி ஏமாற்றப்பட்ட கடைக்காரர்கள் 1930-க்கு போன் செய்து புகார் சொல்லலாம்.