அடைப்பைத் தாண்டுவதா, உரித்தெடுப்பதா?

பைபாஸ் அறுவையில் அடைப்பை யாரும் எடுப்பதில்லை. மார்பிலிருந்தோ காலிலிருந்தோ எடுத்த ரத்தக்குழாயை அடைப்புக்கு அப்பால் தைத்து, மாற்று வழி போடுகிறார்கள். ஆனால், தைக்க நல்ல இடம் வேண்டுமே! நெடுநாள் சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு இதயக்குழாய் நெடுகச் சுண்ணாம்பேறி இறுகிக் கிடக்கும். அப்போது குழாயைக் கீறி, படிவை உட்சுவரோடு சேர்த்து நெம்பி, மெல்ல இழுத்தெடுக்கிறார்கள். கிளைகளோடு, மண்ணிலிருந்து பிடுங்கிய வேர் போல அது வரும். நுனி மெலிந்து கூராக முடிந்தால் நிம்மதி. பாதியில் அறுந்தால் மிச்சம் உள்ளே நின்று வழியை மறிக்கும். எண்டார்ட்டரெக்டமி எனப்படும் இந்த முறையை அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பெய்லி 1950களிலேயே செய்துபார்த்துவிட்டார். பைபாஸ் பரவியது அதற்குப் பிறகுதான்.

பைபாஸோடு இதையும் செய்துகொண்டவர்களிடம், அறுவையை ஒட்டிய நாட்களில் இறப்பு அதிகம் என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. அதை வைத்து, உரித்தெடுப்பதுதான் ஆளைக் கொல்கிறது என்று முடிவுகட்டுவது அவசரம். வேறு வழியில்லாதபோதுதான் மருத்துவர் இதில் கைவைக்கிறார். ஆகவே இந்த வரிசையில் வந்து சேர்கிறவர்கள் தொடக்கத்திலேயே மோசமான நிலையில் இருப்பவர்கள். அதே நிலையிலுள்ளவரின் குழாயை அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும். குழாயை விட்டுவிடுவதன் விலையை ஊகிக்க ஒரு தடயம் உண்டு: அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் 1986இல் வெளியிட்ட பைபாஸ் ஆய்வில், இதயத்தின் மூன்று முக்கியக் குழாய்களிலும் நோய் இருந்தவர்களுள், இதயத்தின் முன்பக்கக் குழாயில் மார்புத் தமனியை இணைத்தவர்களில் 10 ஆண்டுக்குப் பின் சுமார் 83 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள். காலின் சிரையை மட்டும் இணைத்தவர்களில் 71 சதவீதம். இதுவும் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்த ஆய்வல்லதான். என்றாலும் முன்பக்கக் குழாய்க்கு ரத்தம் எப்படிப் போகிறது என்பதில் ஆயுள் எவ்வளவு தொங்குகிறது என்று அது காட்டிவிட்டது. அந்தக் குழாயைக் கைவிடுவதும் ஓர் ஆபத்தே.

நோயாளியே மோசம் என்று சொல்லி எந்தச் சிகிச்சையின் தோல்வியையும் மூடிவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயம்தான். உரித்த சுவர் மென்சவ்வை இழந்து புண்ணாக நிற்பதால் ரத்தம் அங்கே சட்டென்று உறையும். அந்த ஆபத்து முழுக்க இந்த முறையுடையதே. அதனால் சிறு கிளைக்காக இதைச் செய்வதை ஏற்க எனக்கு மனமில்லை; முன்பக்கக் குழாய் என்றால் கணக்கு வேறு. செய்த பிறகு ஆஸ்பிரினோடு குளோபிடோகிரெலும் சேர்த்துத் தருவது பல இடங்களில் வழக்கம். எந்தக் குழாயில் செய்தார்கள், எத்தனை மாதம் இரண்டு மாத்திரையும் வேண்டும் என்பதை வீட்டுக்குக் கிளம்பும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். பிறகு பல் பிடுங்கப்போகும் இடத்தில் மாத்திரையை நிறுத்தச் சொன்னால், இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.