எட்டுத் தடங்களும் ஓர் உறுமியும்

தைப்பூசத்தன்று ஈப்போவில் புந்தோங் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயில் வரைக்கும் உறுமிமேளம் ஓயாது. கைபேசியில் அதைப் பிடித்துவந்து வீட்டில் போட்டுக் கேட்டால் இரைச்சல் இருக்கும், உறுமி இருக்காது. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் முனகலைப் பம்பையும் தவிலும் அமுக்கிவிடும். சத்தம் கூடினால் கைபேசி தானாகவே அளவைக் குறைத்துக்கொள்ளும். எல்லாம் ஒன்றாகக் கலந்த பிறகு ஒன்றை மட்டும் பிரித்து உயர்த்துவது லேசில் ஆகிற காரியமல்ல.

பல்தட ரெக்கார்டர் இந்தச் சிக்கலுக்காகவே வந்தது. ரப்பர் தோட்டத்தில் ஆளுக்கொரு நிரை கொடுத்துப் பால் வெட்டச் சொல்வதுபோல, ஒவ்வொரு மைக்குக்கும் தனித் தடம் கொடுத்து ஒரே நேரத்தில் ஓடவிடும். எதை ஏற்றுவது, எதை இறக்குவது என்று பிறகு ஆற அமர முடிவு செய்யலாம். 1979இல் டாஸ்காம் நிறுவனம் சாதாரண கேசட்டில் 4 தடம் பதியும் போர்ட்டாஸ்டுடியோவைக் கொண்டுவந்தபோதுதான் இந்த வசதி ஸ்டூடியோவை விட்டு வீட்டுக்குள் நுழைந்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு வீட்டில் பாடிய பாடல்களே 1982இல் ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாக வந்தன. இன்று கேசட்டின் இடத்தில் எஸ்டி கார்டு.

ரெக்கார்டரின் கையேட்டைக் கடைசிப் பக்கங்களிலிருந்து புரட்டுவதே நல்லது என்பேன். தொழில்நுட்ப விவர அட்டவணை அங்கேதான் இருக்கும். அதில் முதலில் தேட வேண்டியது, ஒரே நேரத்தில் எத்தனை தடம் பதியும் என்பது. ஜூம் ஆர்8 ரெக்கார்டரில் 8 தடங்கள் உண்டு. ஆனால் ஒரு தடவைக்கு இரண்டைத்தான் பதியலாம். ஆர்16 என்றால் எட்டுத் தடங்களை ஒரே மூச்சில் பதியலாம். தனி ஆளாக ஒவ்வொரு வாத்தியமாக வாசித்து அடுக்குகிறவருக்கு ஆர்8 தாராளம். உறுமிமேளக் குழுவுக்கு அது உதவாது. பெட்டியின் மேலுள்ள எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் இது.

அடுத்து மைக் இணைக்கும் பக்கம். கண்டென்சர் மைக்குக்கு ரெக்கார்டரே 48 வோல்ட் கொடுக்க வேண்டும். மேடையில் பாட்டுக்காரர் கையில் பிடிக்கும் டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை. 48 வோல்ட்டைப் போட்டுவிட்டால் பேட்டரி மளமளவென்று இறங்கும். பிளக் பாயின்ட் இல்லாத தோட்டத்துக் கோயிலுக்குப் போகிறவர்கள் உபரி பேட்டரி கொண்டுபோவது நல்லது.

மூன்றாவதாக, உள்ளீட்டு அளவு. இதில் அவசரம் கூடாது. டிஜிட்டலில் சிவப்பு விளக்கு எரிந்து ஒலி உடைந்தால் உடைந்ததுதான். பிறகு எந்தக் குமிழைத் திருகியும் ஒட்ட முடியாது. சோதனைக்கு அடிக்கச் சொன்னால் குழுவினர் பாதி பலத்தில்தான் அடிப்பார்கள். அருள் வந்து ஆள் ஆடத் தொடங்கியதும் அதே கை வேறு கையாகிவிடும். ஆகவே உச்ச அடிகூட மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி வையுங்கள். 24 பிட்டில் பதிந்தால் அவ்வளவு தாழ்த்தி வைத்தாலும் தரம் கெடாது. இடமும் பெரிதாகப் பிடிக்காது: 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு தடத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 8 எம்பி, எட்டுத் தடமும் ஒரு மணி நேரம் ஓடினால் 4 ஜிபிக்குள் அடங்கும்.

பதிய வேண்டிய தடத்தின் பொத்தானை அழுத்திச் சிவப்பாக்கிய பிறகே பெரிய ரெக்கார்டு பொத்தானுக்குப் போக வேண்டும். நிறுத்திய கையோடு பேட்டரியைக் கழற்றக் கூடாது. புதுக் கார்டை அந்தக் கருவியிலேயே ஃபார்மட் செய்ய வேண்டும். எஃபெக்ட், டிரம் மெஷின் பற்றிய அத்தியாயங்கள் பாதிக் கையேட்டை அடைத்துக்கொண்டிருக்கும். முதல் மாதம் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

உறுமியின் தேய்க்கும் முகத்துக்கு ஒரு மைக், பம்பைக்கு ஒன்று, தவிலுக்கு ஒன்று, குழு முழுவதற்கும் சற்று உயரத்தில் ஒன்று. வாத்தியத்திலிருந்து மைக் ஓரடி தள்ளி இருந்தால், பக்கத்து வாத்தியத்தின் மைக் அதிலிருந்து மூன்றடியாவது விலகி இருக்கட்டும். நெருக்கி வைத்தால் ஒரே அடி இரண்டு மைக்கிலும் சற்று முன்பின்னாக விழுந்து ஒலி சோகையாகிவிடும்.

ஆனால் எல்லாப் பாட்டுக்கும் இப்படித் தடம் தடமாகப் பிரிப்பது பொருந்தாது. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனையும் தாமான்களும் வந்த பின்பு, சுங்கை சிப்புட் பக்கம் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் பாட்டிமார்களிடம் லயத்துக் காலத்துத் தாலாட்டும் ஒப்பாரியும் இன்னும் கிடைக்கும். அவர்கள் காதில் ஹெட்போனை மாட்டி, தாளத்தைத் தனியாக ஓடவிட்டு, அதற்கேற்பப் பாடச் சொல்வது அநியாயம். ஒப்பாரியின் தாளம் மூச்சில் இருக்கிறது. அங்கே இரண்டே தடம், கைநீளத் தொலைவில் ஒரு ஸ்டீரியோ மைக், ஒரே ஓட்டம், அது போதும். கும்மிக்கும் அப்படித்தான், கைத்தட்டலையும் பாட்டையும் பிரித்தால் இரண்டும் செத்துவிடும். பிற்பகலில் மட்டும் போகாதீர்கள். ஈப்போ மழை தகரக் கூரையில் இறங்கினால் எந்த மைக்கும் தாங்காது.

கருவி கோப்புக்கு ஓர் எண்ணைத்தான் போடும், யார் பாடினார் என்று அதற்குத் தெரியாது. பொத்தானை அழுத்தியதும் பாடுகிறவரே தம் பெயரையும் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்பதையும் தேதியோடு சொல்லட்டும். பாட்டு அதற்குப் பிறகு தொடங்கலாம்.