உறுதியான கண்ணாடி, உறுத்தும் கண்ணாடி

சில மாதங்களுக்கு முன் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் பழைய கூரைத் தகடுகளை மாற்றினார்கள். வேலைக்கு வந்த இளைஞர் அரைக்கைச் சட்டையுடன், முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல், ஃபைபர் தகட்டை மின்ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தூள் பறந்தது. அருகிலேயே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் வேலையை நிறுத்தச் சொன்னதும், "ஃபைபர்தானே மாமா, பிளாஸ்டிக் மாதிரி. அது என்ன செய்யும்?" என்று கேட்டான் பக்கத்து வீட்டுப் பையன். அம்பர்நாத்தில் ஒரு ஃபைபர் தொழிற்கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அவனுக்குச் சொன்ன பதிலையே நம் சங்க அன்பர்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கல்யாண வீட்டு 'ஃபைபர் நாற்காலி'யும், மாடியில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் பெரும்பாலும் வெறும் பிளாஸ்டிக்தான். நான் சொல்லும் ஃபைபர், கண்ணாடி இழை கலந்தது. மணல், சுண்ணாம்புக்கல் முதலியவற்றை 1400 டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் உருக்கி, நூற்றுக்கணக்கான நுண்துளைகள் கொண்ட பிளாட்டினக் கலப்புத் தட்டின் வழியே ஒழுகவிட்டு, மிக வேகமாக இழுத்துச் சுற்றுவார்கள். இடியாப்ப அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிவரும் இழை நம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது.

கை தவறினால் நொறுங்கும் கண்ணாடிக்கு வலு எங்கிருந்து வருகிறது? கடையில் கண்ணாடி அறுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கீறல் போட்டு லேசாகத் தட்டுவார்; கண்ணாடி அந்தக் கோட்டிலேயே பிளந்துவிடும். கண்ணாடியின் எதிரி அதன் மேலுள்ள கண்ணுக்குத் தெரியாத விரிசல்களே. இதை இங்கிலாந்துப் பொறியாளர் ஏ.ஏ. கிரிஃபித் 1921-இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். கண்ணாடியை மெல்லிய இழையாக இழுக்க இழுக்க அத்தகைய குறைகள் அருகின. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கம்பியைவிட, அவர் இழுத்த மிக மெல்லிய இழை, அதே பரப்புக்கு ஏறத்தாழ 20 மடங்கு வலுவாக இருந்தது.

இழை மட்டும் இருந்தால் துணிபோலத் துவளும். அதனால் அதை அச்சின் மேல் பாய்போல விரித்து, ரெசின் என்னும் பிசினைத் தடவி இறுகவிடுகிறோம். நம் கிராமத்து மண் சுவரில் வைக்கோல் கலப்பதும் இதே தத்துவம்தான். இழை இழுவிசையைத் தாங்கும். பிசின் இழைகளைப் பிடித்து வைக்கும். துருப்பிடிக்காது, எடையும் குறைவு. 1953-இல் அமெரிக்காவில் செவர்லே கார்வெட் காரின் உடலையே இதில் செய்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை மீனவர்கள் பலருக்குக் கிடைத்த படகுகளும் ஃபைபர் படகுகளே. காற்றாலையின் இறக்கை, தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருக்கும் பச்சை நிற மின்சுற்றுப் பலகை ஆகியவற்றிலும் கண்ணாடி இழை உண்டு.

இனி என் அனுபவம். 1986-இல் டோம்பிவிலியில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். எங்கள் ஆறு மாதக் குழந்தைக்கு உடம்பெல்லாம் சிவந்த தடிப்பு; இரவெல்லாம் அழுகை. வேர்க்குரு என்று பவுடர் போட்டோம். குறையவில்லை. ஒருநாள் எங்கள் மராத்தி மேஸ்திரி, "உன் சட்டையை வீட்டில் எதில் துவைக்கிறார்கள்?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. முகமூடியோ மேலங்கியோ தராத அந்தக் கூடத்தில் நாள் முழுதும் தகடு தேய்த்துவிட்டு, அதே சட்டையோடு வீடு திரும்புவேன். என் மனைவி அதைக் குழந்தையின் துணியோடு ஒரே வாளியில் ஊறவைப்பாள். சட்டையில் இருந்த கண்ணாடித் துணுக்குகள் குழந்தையின் துணியில் ஏறிவிட்டன. தனி வாளி வைத்த பிறகு தடிப்பு அடங்கியது.

இது விஷமல்ல, தோலில் குத்தும் ஊசி. ஆஸ்பெஸ்டாஸ் இழை நீளவாக்கில் பிளந்து மேலும் மேலும் மெலிதாகும். கண்ணாடி இழை குறுக்கே முறியும். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2001-இல் இத்தகைய நீள் இழைகளை ஆராய்ந்து, புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்றது. அதற்காகத் தூளைச் சுவாசிக்கலாம் என்று பொருளல்ல. கண்ணும் தொண்டையும் எரியும்.

முழுத் தகட்டைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் வெயிலில் பல ஆண்டு கிடந்து, மேல் பிசின் தேய்ந்து, இழை வெளியே தெரியும் தகட்டில் பிள்ளைகளை உட்காரவிடாதீர்கள். அறுக்கும்போது நீர் தெளித்து, முழுக்கைச் சட்டை, முகமூடி, கண்ணாடி அணிய வேண்டும். உடம்பில் பட்டால் சொறியாமல், தேய்க்காமல், சோப்பு நீரில் கழுவுங்கள். அந்த உடுப்பைத் தனியே துவைத்து, வாளியையும் அலசுங்கள்.

அன்று அந்த இளைஞருக்கு ஒரு முகமூடியும் என் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றும் கொடுத்தேன். சட்டையை வீட்டில் தனியாகத் துவைக்கும்படியும் சொல்லி அனுப்பினேன். அவர் வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கலாம் அல்லவா?